உயர்த்திய ஜிப்ஸியில் ஃபோர் வீல் லிவரைச் சரிசெய்வது எப்படி?

திருவள்ளூர் மாவட்டத்துக்கு நான்கு சக்கர இழுவை வண்டிகள் புதிதல்ல. மிட்சுபிஷி பஜேரோவை இந்துஸ்தான் மோட்டார்ஸ் பூட்டியது திருவள்ளூர் ஆலையில்தான். கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் நுழைந்தால், 2016-ல் திறந்த இசுசு ஆலை ஸ்ரீசிட்டியில் இருக்கிறது. ஆனாலும் உயரம் ஏற்றிக் கட்ட நினைப்பவர்கள் இன்றும் தேடி வாங்குவது 1985-ல் வந்த மாருதி ஜிப்ஸியை. உயர்த்திய பிறகு வரும் முதல் புகார், “ஃபோர் லோ விழ மாட்டேங்குது, விழுந்தாலும் நழுவிடுது” என்பது. உடனே புது லிவர் அடிக்கக் கிளம்ப வேண்டாம். காரணத்தைப் பிடித்துவிட்டால் வேலை பாதியாகக் குறையும்.

1. எதை உயர்த்தினீர்கள்?

பட்டை, ஷாக் அப்சார்பர் மாற்றி உயர்த்தியிருந்தால் அது சஸ்பென்ஷன் லிஃப்ட். இதில் பாடிக்கும் சேசிஸுக்கும் உள்ள இடைவெளி மாறாது. லிவருக்கு நேரடியாக ஒன்றும் ஆகாது. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சரிவைக் குறைக்க டிரான்ஸ்ஃபர் கேஸையும் கீழே இறக்கியிருந்தால்தான் லிவர் பாதிக்கும்.

சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவே கட்டை வைத்து ஏற்றினால் அது பாடி லிஃப்ட். ஜிப்ஸியின் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாக, ரப்பர் மவுண்ட்களில் சேசிஸில் தொங்குகிறது. லிவர் நேராக அதன் தலையில் நிற்கிறது. பாடி 50 மி.மீ. ஏறினால் லிவர் அங்கேயே நிற்க, தரைத்தகடு மட்டும் மேலே போய்விடும்.

இதனால் லிவர் குட்டையாகத் தெரிவது சின்னக் குறை. பெரிய குறை வேறு. லிவர் திரும்பும் புள்ளி தகட்டுக்கு 100 மி.மீ. கீழே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அது 150 மி.மீ. கீழே. லிவர் சாயும் கோணம் அதேதான். ஆனால் தகட்டின் மட்டத்தில் அது நகரும் தூரம் ஒன்றரை மடங்காகிவிட்டது. ஓட்டையோ பழைய அளவு. கடைசி இடத்துக்குப் போகும் முன்பே லிவர் தகட்டில் முட்டும், கியர் பாதிதான் கோக்கும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டதும் நழுவுவது இதனால்தான். அப்படியே ஓட்டினால் பல் தேயும்.

2. சாக்பீஸ் சோதனை

சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுங்கள். கியரில் போட்டிருக்கிறோம் என்று நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. டிரான்ஸ்ஃபர் லிவர் N-ல் இருந்தால் கியர்பாக்ஸ் எந்த கியரில் இருந்தாலும் சக்கரத்தைப் பிடிக்காது, வண்டி உருளும்.

ரப்பர் பூட்டைத் தூக்கிவிட்டு, தகட்டின் மட்டத்தில் லிவரைச் சுற்றிச் சாக்பீஸ் தடவுங்கள். 2H, 4H, N, 4L என்று நான்கு இடத்துக்கும் தள்ளிப் பாருங்கள். சாக்பீஸ் அழிந்த பக்கம்தான் முட்டும் பக்கம். எங்குமே அழியாமல் லிவர் மட்டும் ‘தொளதொள’ என்று ஆடினால், குற்றம் உயரத்தில் இல்லை. அடி முனையில் இருக்கும் நைலான் புஷ் தேய்ந்திருக்கிறது.

3. லிவரைக் கழற்றுவது

பூட்டின் கிளாம்பைத் தளர்த்துங்கள். சுற்றியுள்ள மண்ணைத் துணியால் துடைத்தெடுங்கள்; ஒரு சிட்டிகை மணல் உள்ளே விழுந்தாலும் அது கியருக்குத்தான் போகும். லிவரின் அடியில் இருக்கும் மூடியை ஸ்பிரிங்குக்கு எதிராக அழுத்தி, இடப்புறமாகத் திருப்பினால் லிவர் கையோடு வந்துவிடும். மேலிருந்தே எடுப்பதால் ஆயிலை வடிக்க வேண்டியதில்லை. திறந்த வாயைச் சுத்தமான துணியால் மூடிவையுங்கள்.

புஷ் மலிவான பொருள்; எப்படியும் புதிதாகப் போட்டுவிடுங்கள். சென்னை ஜி.பி. ரோட்டில் கேட்டுப் பாருங்கள். அப்படியே டிரான்ஸ்ஃபர் கேஸ் மவுண்ட் ரப்பர்களையும் பாருங்கள். வெடித்திருந்தால் 4L-ல் இழுக்கும்போது கேஸே முறுக்கி ஆடும், அதோடு லிவரும் ஆடும். ரப்பரை மாற்றாமல் லிவரை மட்டும் மாற்றிப் பயனில்லை.

4. லேத்தில் என்ன கேட்பது?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இரும்பு வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்வதுதான் நம் வேலை.

• பாடி எவ்வளவு ஏறியதோ அவ்வளவே நீளம் கூட்டுங்கள். அதற்கு மேல் போனால் கை வீசும் தூரம் கூடும், சீட்டில் இடிக்கும்.

• ஒட்டும் இடத்தில் உள்ளே கம்பியோ வெளியே குழாயோ கொடுத்து வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். வெறும் முனைக்கு முனை ஒட்டினால் ஒருநாள் கையோடு வந்துவிடும்.

• முட்டும் பக்கத்திலிருந்து விலக, தகட்டுக்குக் கீழே ஒரு வளைவும் மேலே எதிர்ப்பக்கம் ஒரு வளைவும் கொடுங்கள். குமிழ் பழைய இடத்துக்கே வரும்.

• பந்து முனையில் நெருப்பு படக் கூடாது. சூடுபட்டால் அதன் கடினம் போய்விடும். ஈரத்துணி சுற்றிவிட்டு மேல்பகுதியில் மட்டும் வேலை செய்யட்டும்.

5. தகட்டை வெட்டுவது

வளைத்தும் முட்டினால்தான் ஓட்டையைப் பெரிதாக்க வேண்டும். லிவர் கடைசி இடத்தில் விழுந்த பிறகும் தகட்டுக்கு ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும். பாரம் இழுக்கையில் கேஸ் அசையும் தூரத்துக்கு அது தேவை. வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து, பிரைமரும் பெயின்டும் அடியுங்கள். பழவேற்காடு பக்கத்து உப்புக் காற்றில் வெறும் தகடு சீக்கிரம் துருவேறும். பூட் புதிய ஓட்டையை முழுவதும் மூட வேண்டும். இல்லையென்றால் தண்ணீரும் தூசியும் மட்டுமல்ல, புகையும் உள்ளே வரும்.

6. கேபிள் எப்போது?

டிரான்ஸ்ஃபர் கேஸையே இடம் மாற்றியிருந்தால் நேர் லிவர் எட்டாது. கேபிள் போடுவதுதான் வழி. சைலன்சர் குழாயிலிருந்து விலக்கி, கூர்மையான மடிப்பு இல்லாமல் கொண்டுபோங்கள். லிவர், கேஸ் இரண்டையும் N-ல் வைத்து நீளத்தைக் கட்டுங்கள். பிறகு இரு கோடியிலும் முழுதாக விழுகிறதா என்று ஒருவர் அடியிலிருந்து பார்க்கட்டும். கேஸ் இடம் மாறாத வண்டிக்குக் கேபிள் வீண் செலவு.

7. ஓட்டிப் பார்ப்பது

தார் ரோட்டில் 4H, 4L போட்டுச் சோதிக்காதீர்கள். ஜிப்ஸியில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. திருப்பத்தில் முன், பின் ஷாஃப்ட்கள் ஒன்றையொன்று முறுக்கும், லிவர் இறுகிக்கொள்ளும். மண் தரைக்குப் போங்கள். வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்து 4L போட்டு, ஒரு மேட்டில் ஏறி, ஆக்சிலேட்டரை விட்டு இறங்குங்கள். அப்போதும் நழுவாமல் நின்றால் வேலை முடிந்தது.

8. சட்டம்

லிவரைப் பழுதுபார்ப்பது வேறு, வண்டியை உயர்த்துவது வேறு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் குறித்த அமைப்பை உரிமையாளர் மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆகவே கட்டை வைத்து ஏற்றும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்றிய வண்டி சொந்த நிலத்தில் ஓடினாலும், லிவர் தகட்டைத் தொடாத வரை மட்டுமே அதன் 4L-ஐ நம்பலாம்.