பெயரா, வகையா, இடமா? பிளாஸ்மா டெஸ்க்டாப்பில் உங்களுக்கேற்ற செயலி மெனு

லினக்ஸ் கணினியில் கேடிஈ பிளாஸ்மா டெஸ்க்டாப்பைப் புதிதாக நிறுவுகிறவர்கள் முதலில் வால்பேப்பரை மாற்றுவார்கள். பிறகு நிறத்தைக் கறுப்பாக்குவார்கள், ஐகான்களை மாற்றுவார்கள். இடது மூலையில் இருக்கும் மெனுவை மட்டும் வந்தபடியே விட்டுவிடுவார்கள். கணினியைத் திறந்ததும் நாம் முதலில் போவதோ அந்த மூலைக்குத்தான். பிரவுசர், கோப்புறை, கணக்குத்தாள் என்று எது வேண்டுமானாலும் அந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது.

அந்த ஓரிடத்துக்குப் பிளாஸ்மா மூன்று மெனுக்களைத் தருகிறது. அவற்றோடு, மெனுவே இல்லாத தேடல் பெட்டி ஒன்றும் உண்டு. எது பார்க்க அழகாக இருக்கிறது என்று கேட்டு இவற்றில் ஒன்றைத் தேர்ந்தால், பத்து நாளில் அலுத்துவிடும். ஒரு செயலி வேண்டும்போது உங்கள் கையும் கண்ணும் அதை எப்படித் தேடுகின்றன என்று பாருங்கள். சிலர் பெயரைத் தட்டச்சு செய்வார்கள். சிலர் அலுவலகம், இணையம், படங்கள் என்று வகைக்குள் நுழைந்து எடுப்பார்கள். பெயரையும் வகையையும் கவனிக்காமல், மேல் வரிசையில் மூன்றாவது ஐகான் என்று இடத்தை நினைவில் வைத்திருப்பவர்களும் உண்டு. நீங்கள் எந்த ரகம் என்று தெரிந்துவிட்டால் பாதி முடிவு ஆகிவிட்டது.

மாற்றிப் பார்ப்பதில் ஆபத்து ஒன்றும் இல்லை. மெனு ஐகானின் மேல் வலது கிளிக் செய்து 'ஷோ ஆல்டர்நேட்டிவ்ஸ்' என்பதைத் தேர்ந்தால் மூன்றும் பட்டியலாக வரும். வேண்டியதைத் தேர்ந்து மாற்றிக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் அதே வழியில் திரும்பி வரலாம்.

நிறுவியதும் நம் கண்ணில் படுவது கிக்காஃப். அமைப்புகளில் இதன் பெயர் 'அப்ளிகேஷன் லாஞ்சர்'. இதன் மூல வடிவம் 2006இல் ஓப்பன்சூசே லினக்ஸின் 10.2 பதிப்பில் வந்தது. 2008 ஜனவரியில் கேடிஈ 4.0 வந்தபோது அதன் இயல்பு மெனு ஆனது. பழைய கிக்காஃபில் ஒரு வகைக்குள் போனால் வெளியே வரத் திரும்ப ஒரு கிளிக் தேவைப்படும். அது பலரை எரிச்சலூட்டியது. 2021 பிப்ரவரியில் வந்த பிளாஸ்மா 5.21 அதைத் திருத்தி எழுதியது. இப்போது இடப்பக்கம் வகைகளும் வலப்பக்கம் செயலிகளும் ஒரே பார்வையில் தெரிகின்றன. வகை வழியாகத் தேடுகிறவருக்கு இதுவே போதும். பெயரால் தேடுகிறவரும் மெட்டா விசையை, அதாவது விண்டோஸ் சின்னம் போட்ட விசையை, அழுத்திவிட்டு அப்படியே தட்டச்சு செய்யலாம். தேடல் கட்டத்தைக் கிளிக் செய்ய வேண்டியதில்லை.

கிக்காஃபின் அமைப்புகளில் மூன்றைக் கவனியுங்கள். முதலாவது, சுட்டியை மேலே கொண்டுபோனாலே வகை மாறும் வசதி. டச்பேடில் வேகமாக வேலை செய்கிறவருக்கு இது ஒரு கிளிக்கை மிச்சம் பிடிக்கும். கை நடுங்குகிற பெரியவர்களுக்கோ, கேட்காமலே பட்டியல் மாறிக்கொண்டிருப்பது தொல்லை. அவர்களுடைய கணினியில் இதை அணைத்துவிடுங்கள். இரண்டாவது, பட்டியலை நெருக்கமாகக் காட்டும் வசதி. சிறிய திரை உள்ள மடிக்கணினியில் அதே உயரத்தில் இன்னும் சில செயலிகள் தெரியும். மூன்றாவது, விருப்பச் செயலிகளைக் கட்டமாகக் காட்டுவதா, பட்டியலாகக் காட்டுவதா என்பது. இடத்தை வைத்துத் தேடுகிறவருக்குக் கட்டமே நல்லது. ஆனால் இடைமுகத்தைத் தமிழில் வைத்திருந்தால் நான் பட்டியலைத்தான் பரிந்துரைப்பேன். தமிழ்ப் பெயர்கள் நீளமானவை. கட்டத்தில் ஐகானுக்குக் கீழே இருக்கும் குறுகிய இடத்துக்குள் அவை அடங்காமல் பாதியில் வெட்டுப்படும். பட்டியலில் ஒரே வரியில் முழுதாகப் படிக்கலாம். அதுவும் போதாவிட்டால், பிளாஸ்மா 5.26 முதல் மெனுவின் ஓரத்தைப் பிடித்து இழுத்தே அகலமாக்கலாம். அந்த அளவு நினைவில் இருக்கும்.

அடுத்தது கிக்கர். 'அப்ளிகேஷன் மெனு' என்ற பெயரில் இருக்கும். பழைய விண்டோஸின் ஸ்டார்ட் மெனுவில் பழகியவர்களுக்கு உடனே பிடிபடும். வகைமேல் சுட்டி போனால் பக்கத்தில் துணை மெனு விரியும், அவ்வளவுதான். திரையில் குறைந்த இடத்தையே எடுத்துக்கொள்ளும். எளிமையானது என்று பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் இதில் இருக்கும் ஓர் அமைப்புக்காகவே நான் இதைப் பலருடைய கணினிகளில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். செயலிகளை எப்படிக் காட்டுவது என்று அது கேட்கும். பெயர் மட்டுமா, விளக்கம் மட்டுமா, பெயரும் அடைப்புக்குறிக்குள் விளக்கமுமா, அல்லது விளக்கமும் அடைப்புக்குறிக்குள் பெயருமா?

இது ஏன் முக்கியம் என்பது கேடிஈ செயலிகளின் பெயர்களைப் பார்த்தால் புரியும். ஆவணங்களைப் படிக்க ஒகுலர், படங்களைப் பார்க்க குவென்வியூ, கோப்புகளுக்கு டால்ஃபின், உரை எழுத கேட், பாட்டுக்கு எலிசா. தெரிந்தவருக்கு எல்லாம் அழகான பெயர்கள். புதிதாக உட்காருகிறவருக்கு ஒன்றும் சொல்லாத பெயர்கள். என் அத்தை ஒருமுறை கரண்ட் பில்லைத் திறந்து பார்க்க உட்கார்ந்துவிட்டு, "இதுல படிக்கிறது எதுப்பா? டால்ஃபினா?" என்று கேட்டார். விளக்கத்தை முன்னால் காட்டும்படி மாற்றியதும், ஆவணம் காட்டி, கோப்பு மேலாளர், இணைய உலாவி என்று மெனுவே பேச ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அவர் யாரையும் கேட்கவில்லை. வீட்டில் பெரியவர்களுக்கோ, ஊர் நூலகத்துக்கோ, பள்ளிக்கோ கணினி அமைத்துக் கொடுப்பவர்கள் இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே பெரிய உதவி. விளக்கத்தை முன்னாலும் பெயரை அடைப்புக்குறிக்குள்ளும் வையுங்கள். பெயரும் மெல்ல மெல்லப் பழகிவிடும்.

அண்மையில் பயன்படுத்திய செயலிகளையும் கோப்புகளையும் கிக்கர் பட்டியலிடும். அண்மையில் திறந்தது மேலே வரவேண்டுமா, அடிக்கடி திறப்பது மேலே வரவேண்டுமா என்று நாமே சொல்லலாம். அடிக்கடி என்பதே என் தேர்வு. வரிசை தினம் மாறாது, கண்ணுக்குப் பழகும். ஆனால் ஒரே கணக்கை வீட்டில் எல்லாரும் பயன்படுத்தினால் அண்மைக் கோப்புகளின் பட்டியலை அணைத்துவிடுவது நல்லது. நீங்கள் திறந்த மருத்துவ அறிக்கையும் சம்பளச் சீட்டும் அடுத்தவர் மெனுவைத் திறந்ததும் கண்ணில் படும். மெனுவில் மறைத்தால் மட்டும் போதாது. திறந்த கோப்புகளை நினைவில் வைக்க வேண்டாம் என்று சிஸ்டம் செட்டிங்ஸிலும் சொல்லலாம், பழைய பதிவையும் அங்கேயே அழிக்கலாம்.

மூன்றாவது, டாஷ்போர்டு. 2015இல் பிளாஸ்மா 5.4 பதிப்பில் வந்தது. திரை முழுவதையும் எடுத்துக்கொண்டு ஐகான்களைப் பெரிதாகப் பரப்பிக் காட்டும். தொடுதிரை உள்ளவர்களும், இடத்தை வைத்தே தேடுகிறவர்களும் முயன்று பார்க்கலாம். 24 அங்குலத் திரையில் சுட்டியோடு வேலை செய்கிறவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூலையில் கிளிக் செய்துவிட்டுத் திரையின் மறுகோடி வரை போக வேண்டியிருக்கும். செய்துகொண்டிருந்த வேலையும் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

இனி, மெனுவே இல்லாத அந்தத் தேடல் பெட்டி, கேரன்னர். ஆல்ட் விசையோடு ஸ்பேஸ் விசையைத் தட்டினால் திரையின் மேலே ஒரு பெட்டி வரும். காலியான டெஸ்க்டாப்பில் எதையாவது தட்டச்சு செய்தாலும் வரும். பெயரின் முதல் இரண்டு மூன்று எழுத்து, என்டர், முடிந்தது. தட்டச்சு பழகிய கைக்கு இதைவிட வேகமான வழி பிளாஸ்மாவில் கிடையாது. செயலியைத் திறப்பதோடு நிற்பதுமில்லை. கணக்கை எழுதினால் விடை தரும், கிலோமீட்டரை மைலாக மாற்றும், திறந்திருக்கும் ஜன்னல்களுக்குள் தாவும். பெட்டி மேல் விளிம்பில் வரவேண்டுமா, திரையின் நடுவிலா என்பதை அதன் அமைப்புகளில் மாற்றலாம். நான் நடுவில் வைத்திருக்கிறேன், கண் அங்கேதான் இருக்கிறது.

கேரன்னரில் உண்மையில் செய்ய வேண்டிய வேலை குறைப்பதுதான். அதன் பின்னால் பல செருகுநிரல்கள் தேடிக்கொண்டிருக்கும். புக்மார்க்குகள், கோப்புகள், அண்மை ஆவணங்கள், அகராதி, இன்னும் நிறுவாத செயலிகளைப் பரிந்துரைக்கும் மென்பொருள் மையம் என்று எல்லாம் முடிவுகளைக் கொண்டுவந்து கொட்டும். நாம் கேட்டது அவற்றுக்கிடையே ஒளிந்துவிடும். நேற்று முதலில் வந்தது இன்று இரண்டாவதாக வந்தால், பழக்கத்தில் என்டர் தட்டும் கை வேறு எதையோ திறக்கும். சிஸ்டம் செட்டிங்ஸில் பிளாஸ்மா தேடல் பக்கத்துக்குப் போய், செயலிகள், சிஸ்டம் செட்டிங்ஸ், கணிப்பான், ஜன்னல்கள் ஆகியவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அணையுங்கள். இரண்டு வாரம் கழித்து எது இல்லாமல் கஷ்டமாக இருக்கிறதோ அதை மட்டும் திரும்பச் சேருங்கள். கிக்காஃபின் தேடலும் இதே பட்டியலைத்தான் பின்பற்றுகிறது, ஆகவே ஒருமுறை செய்தால் இரண்டும் சீராகும். பழைய ஹார்டு டிஸ்க் உள்ள கணினி என்றால் கோப்புத் தேடலில் கோப்பின் பெயரை மட்டும் அட்டவணையிடச் சொல்லுங்கள். உள்ளடக்கத்தையும் படிக்கவிட்டால், முதல் முறை எல்லாவற்றையும் வாசித்து முடிக்கும்வரை டிஸ்க் ஓடிக்கொண்டே இருக்கும்.

தமிழில் கணினியைப் பயன்படுத்துகிறவருக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. தமிழ்99 விசைப்பலகையில் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும்போது ஆல்ட் ஸ்பேஸ் தட்டினால், பெட்டிக்குள்ளும் தமிழ் எழுத்துதான் விழும். ஃபயர்ஃபாக்ஸ் என்பதன் ஆங்கில எழுத்துகள் வராது, முடிவும் வராது. ஒவ்வொரு முறையும் விசைப்பலகையை மாற்றிவிட்டுத் தேடுவது என்றால் கேரன்னரின் வேகமே போய்விடும். அதற்கு நல்ல வழி, செயலிக்குத் தமிழிலும் ஓர் அடையாளம் கொடுப்பது. மெனுவில் அந்தச் செயலியின் மேல் வலது கிளிக் செய்து 'எடிட் அப்ளிகேஷன்' என்பதைத் தேர்ந்தால் பெயர், விளக்கம் ஆகிய கட்டங்கள் வரும். பெயரைத் தொட வேண்டாம். விளக்கக் கட்டத்தில் உங்கள் வாயில் வரும் சொல்லை எழுதுங்கள். எலிசாவுக்குப் பாட்டு, ஒகுலருக்குப் படிக்க, லிப்ரே ஆபீஸ் கால்க்குக்குக் கணக்கு. தேடல் விளக்கத்தையும் பார்ப்பதால், இனி ஆங்கிலப் பெயரைத் தட்டினாலும் வரும், 'பாட்' என்று தட்டினாலும் வரும். இந்த மாற்றம் உங்கள் முகப்புக் கோப்புறையில்தான் சேமிக்கப்படும். கணினியின் மூலக் கோப்பு அப்படியே இருக்கும், மற்றவர் கணக்கைப் பாதிக்காது. கிக்கரில் விளக்கத்தை முன்னால் காட்டும் அமைப்பை வைத்திருந்தால், நீங்கள் எழுதிய சொல்லே மெனுவிலும் தெரியும்.

தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெனுவின் நிறம் மெனுவின் அமைப்புகளில் இருக்காது. அது பிளாஸ்மா ஸ்டைலிலிருந்து வருவது, அதைச் சிஸ்டம் செட்டிங்ஸில்தான் மாற்ற வேண்டும். பின்னால் இருப்பது மங்கித் தெரியும் கண்ணாடி விளைவு படத்தில் நன்றாக இருக்கும். ஆனால் தமிழ் எழுத்தின் சுழிகளும் புள்ளிகளும் தெளிவாகத் தெரியப் பின்னணி திடமாக இருப்பதே நல்லது. ஐகானை விருப்பம்போல மாற்றிக்கொள்ளலாம். புதிய பதிப்புகளில் கிக்காஃபின் ஐகானுக்குப் பதில் 'தொடங்கு' என்று எழுத்தாகவே வைக்கலாம், புதியவர்களுக்கு அது உதவும்.

பிளாஸ்மாவே கனமாக இருக்கும் பழைய கணினி என்றால் எக்ஸ்எஃப்சிஈ என்ற இலகுவான டெஸ்க்டாப்பின் விஸ்கர் மெனுவைப் பாருங்கள். பெயருக்குப் பதில் பொதுப்பெயர் காட்டுவது, சுட்டி போனாலே வகை மாறுவது, ஐகான் அளவு, தேடல் கட்டத்தின் இடம் எல்லாம் அதிலும் உண்டு. எல்லாவற்றையும் உரைக் கோப்பில் எழுதியே அமைக்க விரும்புகிறவருக்கு ரோஃபி என்ற செயலி திறப்பான் இருக்கிறது. அது பொழுதுபோக்காக இதில் இறங்குகிறவர்களுக்கு, மற்றவர்களுக்கு வேண்டாம்.

யாருக்கு எது என்று கேட்டால் என் பதில் இது. தட்டச்சு பழகியவர் கேரன்னரை முதன்மையாக வைத்துக்கொண்டு, மெனுவைக் கிக்கராக மாற்றி ஓரமாக விடலாம். வகை பார்த்து எடுப்பவர் கிக்காஃபை விட்டு நகரவே வேண்டாம். புதியவருக்கும் பெரியவருக்கும், விளக்கம் முன்னால் வரும் கிக்கர். ஒரே கணினியில் இருவர் தனித்தனிக் கணக்கு வைத்திருந்தால் ஆளுக்கொரு மெனு வைத்துக்கொள்வதில் தடை எதுவும் இல்லை.

மெனுவில் நீங்கள் பார்க்கும் தமிழ்ச் சொற்கள் தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தவை. ஏதாவதொரு செயலியின் விளக்கம் இன்னும் ஆங்கிலத்திலேயே இருந்தாலோ, புரியாத சொல்லாக இருந்தாலோ உங்கள் கணினியில் மட்டும் திருத்திக்கொண்டு விட்டுவிடாதீர்கள். கேடிஈயின் தமிழாக்கக் குழுவுக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.