கருத்துக் கேட்பு மட்டும் போதாது

அன்புள்ள யாழினி,

வேளாண் கொள்கை படிக்கப் போகிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். அரசுகள் கூடிப் பேசும் இடத்தில் உழவர் சங்கங்களால் என்ன செய்ய முடியும் என்று கேட்டிருந்தாய். மேற்கு ஆப்பிரிக்கா இதற்கு நல்ல பாடம்.

அங்கே எகோவாஸ் என்ற பொருளாதாரச் சமூகத்தில் 2005-ல் 15 நாடுகள் இருந்தன. எல்லைகளைத் தாண்டிச் சரக்கு போய்வரும் வட்டாரம் அது. அதனால் ஒரு நாட்டின் சங்கம் தன் அமைச்சரிடம் மட்டும் முறையிட்டுப் பயனில்லை. 2000-ல் பத்து நாடுகளின் உழவர் அமைப்புகள் பெனினின் கொத்தோனூ நகரில் கூடி 'ரோப்பா' என்ற வலையமைப்பைத் தொடங்கின. ஆசிரியர் வேலையை விட்டு உழவுக்கு வந்த செனகல்காரர் மமது சிசோகோ அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர்.

எகோவாஸ் தன் பொது வேளாண் கொள்கையை 2005-ல் அக்ராவில் ஏற்றது. அது எழுதப்படும்போதே ரோப்பா உள்ளே இருந்தது. நாடுதோறும் உழவர்களைக் கூட்டிப் பேசி, அவர்கள் சொன்னதைத் தொகுத்துக் கொண்டுபோனது. உணவு இறையாண்மை என்ற எண்ணம் அந்தக் கொள்கைக்குள் வந்ததில் அந்த உழைப்புக்குப் பங்குண்டு.

ஆனால் உழவரின் பிழைப்பை முடிவுசெய்வது முன்னுரையில் உள்ள நல்ல சொற்கள் அல்ல, தீர்வை அட்டவணை. எகோவாஸ் நாடுகளுக்கான பொது இறக்குமதித் தீர்வையின் உச்சவரம்பு 20 சதவீதமாக இருக்கும் என்று பேச்சு வந்தது. அது போதாது என்று உழவர் அமைப்புகள் வாதாடின. நைஜீரிய அரசும் அழுத்தம் கொடுத்தது. முடிவில் 35 சதவீதம் என்ற ஐந்தாவது அடுக்கு சேர்ந்தது. 2015-ல் நடைமுறைக்கு வந்தது. இறக்குமதிக் கோழிக்கறி அந்த அடுக்கில் அடங்கியது. அரிசியோ 10 சதவீதத்திலும், பால் பவுடர் 5 சதவீதத்திலும் நின்றுவிட்டன. நகரத்து மக்களுக்கு விலை ஏறக் கூடாது என்ற கவலையும் இறக்குமதியாளர்களின் பலமும் அங்கே எதிர்நின்றன. மாடு வளர்ப்போர் மலிவான பவுடரோடு இன்றும் போட்டியிடுகிறார்கள்.

இதிலிருந்து நீ கற்க வேண்டியவை சில. வரைவு முடிந்த பிறகு நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பெரிதாக எதுவும் மாறாது. வரைவு தொடங்கும்போதே உள்ளே இருக்க வேண்டும். அதற்குச் சொந்தக் கணக்கு வேண்டும். குடும்பப் பண்ணைகளின் நிலை பற்றிய தகவல்களைத் தானே திரட்ட ரோப்பா கண்காணிப்பகம் அமைத்தது அதனால்தான். அதிகாரி தரும் புள்ளிவிவரத்தை மட்டும் நம்பிப் போனால், அவர் சொல்வதற்குத் தலையாட்டித்தான் திரும்ப வேண்டியிருக்கும்.

இன்னொன்று மொழி. எகோவாஸின் அலுவல் மொழிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, போர்த்துகீசியம். வயலில் இருப்பவர்கள் பேசுவது ஊலோஃப், பம்பாரா, ஹவுசா. பேசப்போன பிரதிநிதி திரும்பிவந்து அந்த மொழிகளில் விளக்கம் சொல்லாவிட்டால், அவருக்கும் உறுப்பினருக்கும் உள்ள கட்டு அறுந்துபோகும். நிதி தரும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு மட்டும் அறிக்கை எழுதும் சங்கத்தை எந்த அமைச்சரும் மதிக்கமாட்டார்.

நாளை நீ எந்த அமைப்பில் சேர்ந்தாலும், கூட்டம் முடிந்ததும் யாரிடம் போய்ப் பதில் சொல்வாய் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள். உன் பேச்சுக்கு எடை அங்கிருந்துதான் வரும்.

அன்புடன்,
உன் பெரியப்பா