ஊரிலேயே வாழ்பவருக்கே முதல் பாதுகாப்பு

குழந்தைத் திருமணம், தீண்டாமை போன்ற ஊர் வழக்கங்களை மாற்றும் களப்பணியில் சேர்ந்திருக்கிறீர்களா? முதல் கூட்டம் போடுவதற்கு முன் கேளுங்கள்: ஊருக்குக் கோபம் வந்தால் அது யார்மேல் பாயும்?

ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் வாழ்ந்த பன்வாரி தேவி, அரசின் மகளிர் திட்டத்தில் ஊர்ப் பணியாளர். 1992இல், ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தையின் திருமணத்தைத் தடுக்க முயன்றார். போலீஸ் வந்து போனது, திருமணமும் நடந்தது. பழி அவர்மேல் விழுந்தது, ஊர் ஒதுக்கிவைத்தது. அந்தச் செப்டம்பரில், பழிதீர்க்கச் சிலர் தன்னைக் கூட்டாக வன்புணர்ந்ததாகப் புகார் கொடுத்தார். 1995இல் விசாரணை நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து எல்லோரையும் விடுவித்தது. அதையொட்டி எழுந்த பொதுநல வழக்கில்தான் 1997இல், பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் விசாகா நெறிமுறைகள் வந்தன. அவருக்குத் தேவைப்பட்ட நாளில் அந்தக் காப்பு இல்லை.

ஆபத்தை ஆள்வாரியாக எழுதுங்கள். சிறுமி, தாய், தகவல் சொன்னவர், உள்ளூர்ப் பணியாளர் ஒவ்வொருவருக்கும் என்ன நேரலாம்? அடியா, அவதூறா, வேலை இழப்பா? நேர்ந்தால் யார், எத்தனை மணி நேரத்தில் வந்து நிற்பார்?

தகவல் தந்தவரை மறையுங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைப்பது அலுவலகத்தின் பொறுப்பாக இருக்கட்டும். அதிகாரிகளுடன் உள்ளூர்ப் பெண்ணை அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் பெயரும் படமும் வேண்டாம்.

சம்பந்தம் செய்யும் ஊர்களையும் சேருங்கள். செனகலின் மாலிகுண்டா பம்பாராவில் பெண்கள் 1997இல் பெண்ணுறுப்புச் சிதைப்பைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். அக்கம்பக்கத்தில் கடும் எதிர்ப்பு. பெண் கொடுத்து எடுக்கும் ஊர்கள் மாறாமல் ஓர் ஊர் மட்டும் மாற முடியாது என்று புரிந்துகொண்ட இமாம் தெம்பா தியாவாரா, உறவுக் கிராமங்களுக்கு நடந்தே போய்ப் பேசினார். 1998இல் 13 கிராமங்கள் சேர்ந்து அறிவித்தன. கூடி எடுத்த முடிவில் யாரும் தனியாக மாட்டிக்கொள்வதில்லை.

நிறுத்தும் இடத்தை முன்பே குறியுங்கள். மிரட்டல் வந்தால் கூட்டத்தைத் தள்ளிவைக்கும் அதிகாரம் களப்பணியாளரிடமே இருக்க வேண்டும். இலக்கு எண்ணிக்கைக்காக யாரையும் அனுப்பக் கூடாது.

வேலைக்குச் சேரும்போதே கேளுங்கள். இருவராகப் போக ஏற்பாடு உண்டா? காப்பீடு? 10 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடமானால், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்கிறதா?

நிறுத்திய திருமணம் வேறூரில் ரகசியமாக நடந்துவிடலாம். அதனால் அடுத்த மாதமும் போங்கள். அந்தப் பெண் பள்ளிக்குப் போகிறாளா என்று பாருங்கள். அவள் தாயிடம் தனியாகப் பேசுங்கள். அதுவரை வேலை முடிந்ததாக அறிக்கை எழுதாதீர்கள்.