போனுக்குள் அடங்காத பாலம்

கேள்வி: எங்கள் ஊர் இணையத்தளத்தின் பின்னணியில் சங்குப்பிட்டிப் பாலத்தின் படம் போட்டிருக்கிறேன். கணினியில் வடிவாக இருக்கிறது. போனில் ஒரு துண்டுதான் தெரிகிறது. என்ன செய்யலாம்? — வாசகர், பூநகரி

பதில்: படத்தில் பிழையில்லை, தம்பி. 288 மீற்றர் நீளப் பாலம் நிமிர்ந்த திரையில் வெட்டுப்படத்தான் செய்யும். 1920×1080 படம் 360×800 திரையை நிரப்பும்போது அகலத்தில் காற்பங்குதான் மிஞ்சும். தளத்தின் சிஎஸ்எஸ் கோப்பில் ‘பேக்ரவுண்ட்-சைஸ்’ ‘கவர்’ என்றே இருக்கட்டும். ‘பேக்ரவுண்ட்-பொசிஷன்’ 70% 50% என்று மாற்றிப் பாருங்கள். படத்தின் வலப்பக்கம் திரைக்குள் வரும்.

அதைவிட நல்ல வழி, ஒரு பின்னேரம் கரைக்குப் போய், போனை நிமிர்த்திப் பிடித்து, பாலம் தூரத்தே ஓடி மறைகிற மாதிரி இன்னொரு படம் எடுப்பது. அதே கோப்பில் மீடியா குவெரி எழுதி, 600 பிக்சலுக்குக் குறைந்த அகலமுள்ள திரைகளுக்கு அந்தப் படத்தைக் கொடுங்கள். 200 கிலோபைட்டுக்குள் சுருக்கிப் போட்டால் சிக்னல் மெலிந்த இடத்திலும் கெதியாகத் திறக்கும்.