நீத்தார் பொருட்டு ஈதல்

உயிர் நீத்த ஒருவரைக் குறித்து அவர்தம் சுற்றத்தார் செய்யும் ஈகையின் பயன் எவரைச் சாரும்? ஈந்தவரையோ, எவர்பொருட்டு ஈயப்பட்டதோ அவரையோ, இருவரையுமோ? இவ்வினா புதியதன்று. ஆயினும் பூந்தமல்லிக்கு மேற்கே குத்தம்பாக்கம், திருமழிசை முதலிய ஊர்களிலுள்ள அன்பர்கள் எம்மைக் காணுந்தோறும் இதனையே வெவ்வேறு சொற்களாற் கேட்கின்றனர். தந்தையை இழந்தார் ஒருவர், பதினாறாம் நாளில் ஊரழைத்து விருந்திட்டமை போதுமோ என்கின்றார். மனைவியை இழந்தார் ஒருவர், கோயிலுக்கு விளக்கு வாங்கிக் கொடுத்தல் நலமோ, பள்ளிப்பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தல் நலமோ என்கின்றார். இவர்களுக்கு விடை கூறுமுன் சித்தாந்த முடிபு இன்னதென்று துணிதல் வேண்டும்.

சாக்கிய நாயனார் வரலாறு கூறுமிடத்துச் சேக்கிழார் பெருமான், வினை, அதனைச் செய்வான், அதன் பயன், அப்பயனைச் சேர்ப்பான் என நான்கு பொருள்களைச் சைவநெறிக்கே உரியனவாக எண்ணுவர். இவற்றுள் நான்காவதே ஈண்டைக்கு இன்றியமையாதது. மீமாஞ்சகர் வினை தானே தன் பயனைத் தரும் என்பர். அது பொருந்தாது. என்னை? வினை சடமாகலின், தன்னைச் செய்தான் இவன் என அறியமாட்டாது. அறியாத பொருள் உரியவனைத் தேடிச்சென்று பொருந்துமாறு யாங்ஙனம்? ஆகலின் வினைப்பயனை உயிர்க்கு ஊட்டுவான் இறைவனே என்பது சிவஞான சித்தியார் இரண்டாஞ் சூத்திரத்தில் விரித்து நாட்டப்பட்டது.

இது கொண்டு நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். தந்தையின் பெயர் சொல்லிச் சோறிட்ட மாத்திரத்தே அப்புண்ணியம் தந்தையைச் சென்று சேர்ந்துவிட்டது என்று கருதுவார், அஞ்சலகத்திற் பணத்தைக் கட்டி முகவரியெழுதி விடுப்பாரை ஒப்பர். ஈகை பணவிடையன்று. முகவரி எழுதும் உரிமை நமக்கு இல்லை, அஃது இறைவன்பாலது.

அற்றேல், நீத்தார் பொருட்டு ஈதல் பயனில் செயலோ எனின், அன்று. அபரக்கிரியைகளையும் ஆண்டுதோறுஞ் செய்யுஞ் சிராத்தத்தையும் ஆகமங்கள் விதித்தன. பயனில்லாதவற்றை ஆகமம் விதியாது. அவற்றின் உயிர்நிலை, பயனைச் சேர்ப்பானாகிய இறைவனை நோக்கிய வேண்டுகோளே. வேண்டுவார் வேண்டுவதை அறிபவன் அவனாகலின், அன்பினாற் செய்த ஒன்றை எவர்க்கு எவ்வளவிற் கூட்டுவது என்பது அவன் திருவருளின் வழிப்பட்டது. நாம் செய்யத்தக்கது ஈதலும் வேண்டலும். கணக்கு நம் கையில் இல்லை.

மற்றொன்றும் உண்டு. ஈகைக் குணம் மகனிடத்துத் தானே முளைத்ததன்று. வாயிலில் நின்றார்க்கு ஒருபிடி அரிசியிட்ட தாயின் கையைக் கண்டு வளர்ந்தவனே பின்னாளில் ஈகின்றான். தாய் இட்ட வித்து மகன் கையில் விளையுமாயின், அவ்விளைவில் வித்திட்டார்க்குப் பங்கில்லை என்று சொல்லுதல் எப்படிக் கூடும்? கருமித்தனத்தையே கற்பித்துச் சென்ற பெற்றோர்க்கு இந்நியாயம் எவ்வாறு பொருந்தும் என்று ஒருவர் வினவினார். அவர்க்கு முற்கூறிய வேண்டுகோள் ஒன்றே துணையாம்.

இனி, ஈகைக்குப் பெயரிடுதல் பற்றிச் சிறிது கூறுவாம். திங்களூரில் அப்பூதியடிகள் தாம் கண்டறியாத திருநாவுக்கரசரின் பெயரைத் தம் மக்கட்கும், அளவைகட்கும், குளங்கட்கும், தண்ணீர்ப்பந்தருக்கும் இட்டு வழங்கினார். அவ்வழியே வந்த நாவரசர் பந்தரிற் பொறித்த பெயரைக் கண்டு, செய்தவர் தம்முடைய பெயரை எழுதாது வேறொரு பெயர் எழுதியது என்னை என்று அடிகளையே வினவினார். கேட்டவர் அப்பெயருடையாரே என்றறியாத அடிகள் வெகுண்டனர். இதன்கண் நாம் கொள்ளவேண்டியது யாது? அறஞ்செய்தார்க்கு 'யான் செய்தேன்' என்னும் முனைப்பு பின்தொடரும். தன் பெயர் நிற்குமிடத்தில் தான் அன்புசெய்தார் பெயரை நிறுத்துவதால் அம்முனைப்பு ஒருபடி தேயும். நீத்தார் பெயரால் ஈதலின் சிறப்பு இதுவே. ஆனால் இக்காலத்துக் கோயில்களில் 'இன்னார் நினைவாக' என்பது சிறிய எழுத்திலும், 'உபயம் இன்னார்' என்பது பெரிய எழுத்திலும் பொறிக்கப்படுதலைக் காண்கின்றோம். சில குழல்விளக்குகளில் எழுத்துக்கள் விளக்கொளியில் பாதியை மறைத்துவிடுகின்றன.

நம் முன்னோர் இவ்வறத்தைச் செய்த முறை கல்வெட்டுக்களால் இனிது விளங்கும். கண்டராதித்த சோழரின் தேவியார் செம்பியன் மாதேவியார், தம் மகன் உத்தம சோழன் ஆட்சியில் திருநல்லத்துக் கோயிலைத் தம் கணவர் பெயராற் கற்றளியாக எடுப்பித்தார். அவ்வூர் இப்பொழுது கோனேரிராசபுரம் எனப்படும். அக்கோயிலிற் கண்டராதித்தர் சிவலிங்கத் திருமேனியை வழிபடும் உருவம் கல்லிற் செதுக்கப்பட்டுளது. அவ்வம்மையார் கணவரை அரசு கட்டிலில் வீற்றிருப்பவராகக் காட்டினாரல்லர், வழிபடுவாராகக் காட்டினார். தில்லைக் கூத்தன்மீது திருவிசைப்பாப் பாடிய அடியாராகிய அவர்க்கு அதுவே பொருந்திய நினைவு.

முதலாம் இராசராசனின் தமக்கையார் குந்தவைப் பிராட்டியார், தஞ்சைப் பெருங்கோயிலில் தம் தந்தையார்க்கும் தாயார்க்கும் செப்புத் திருமேனிகள் எழுந்தருளுவித்து, அவற்றின் வழிபாட்டுக்கு முதலும் வைத்தார். தந்தையாகிய சுந்தர சோழர் அக்கல்வெட்டிற் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' எனக் குறிக்கப்படுகின்றார். அத்துடன் அமையாது, அவர் பெயர் தாங்கிய சுந்தரசோழ விண்ணகர் ஆதுலர்சாலையில் மருத்துவஞ் செய்வார்க்கு நிலமும் அளித்தார். ஆதுலர் என்பார் நோயுற்றார். தந்தையின் திருவுருவிற்குப் பூவும் அமுதும், தந்தை பெயரால் நோயாளர்க்கு மருந்தும் என இரண்டையும் ஒருவரே செய்தமை எண்ணத்தக்கது. கோயிலுக்குக் கொடுப்பதோ ஏழைக்குக் கொடுப்பதோ என்று இன்று வழக்கிடுவார்க்கு அவ்வம்மையார் செயலே விடையாம்.

அக்காலத்து அறக்கட்டளை இயன்றவாறும் அறியத்தக்கது. தஞ்சைக் கோயிலில் வைத்த காசு ஊர்ச்சபைகளிடம் ஒப்புவிக்கப்பட்டது. சபையார் காசொன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு, அஃதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, பொலிசை செலுத்திவந்தனர். முதல் குறையாது நிற்கப் பொலிசையே செலவாயிற்று. திருவிளக்குக்கோ பணமன்றிக் கால்நடை அளிக்கப்பட்டது. நந்தாவிளக்கு ஒன்றுக்கு ஆடாயின் 96, பசுவாயின் 48, எருமையாயின் 16. இடையர் அவற்றைப் பெற்று நாடோறும் உழக்கு நெய் அளந்தனர். இவ்வாடுகள் 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. ஆடு சாவாதா, மூவாதா எனின், சாகும், மூக்கும். ஆனால் செத்தவற்றின் இடத்தைக் குட்டிகள் நிரப்புமாகலின் தொண்ணூற்றாறு என்னும் எண் சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை. இறந்தாரை நினைந்து எரியும் விளக்குக்கு இதனினும் பொருத்தமான முதல் வேறு யாது?

சோழர் காலத்துக் கல்வெட்டுக்களுட் சில வேறொரு வகையின. வேட்டையில் விலங்கென்று கருதி எய்த அம்பு மனிதன்மேற் பட்டு அவன் இறந்தவிடத்து, நாட்டாரும் ஊராரும் கூடி ஆராய்ந்து, எய்தவனைக் கொல்லாது, இறந்தவன் பொருட்டுக் கோயிலில் விளக்கெரிக்குமாறு விதித்துள்ளனர். தான் அறியாது கொன்ற ஒருவனை அக்கோயிலின் விளக்கைக் காணுந்தோறும் நினைந்து வாழ்தல் எய்தவனுக்கு எளிதாயிருந்திராது. ஈகை சிலர்க்கு அன்பின் கடன். சிலர்க்குப் பழியின் கடன்.

பிற்காலத்து நிகழ்ந்தவற்றுள் இரண்டனை ஈண்டு எடுத்துக்கொள்வாம். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்டிர்க்கு மருத்துவமனை எடுக்க விரும்பி அமெரிக்க நாட்டிற் பொருள் வேண்டியபொழுது, நியூயார்க்கு நகரத்து வங்கியாளர் ஷெல் என்பார் இறந்த தம் மனைவியின் நினைவாகப் பதினாயிரம் டாலர் அளித்தனர். அதுகொண்டு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. வேற்றுச் சமயத்தாரது செயலாயினும் அறம் அறமே. அஃது இன்று பெரியதொரு மருத்துவக் கல்லூரியாக விரிந்துளது. ஷெல் என்னும் பெயர் அதன் கண்மருத்துவமனையில் நிற்கின்றது.

மற்றொன்று நம் சென்னையில் நிகழ்ந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் தங்கையார் 1923-ஆம் ஆண்டு புற்றுநோயால் வருந்தி இறந்தனர். தாமே மருத்துவராயிருந்தும் தங்கையைக் காக்க இயலாத துயரம் அம்மையாரை விட்டு நீங்கவில்லை. அந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை காணவேண்டும் என உறுதிபூண்டு, இந்திய மாதர் சங்கத்தின் வழியாகப் பொருள் திரட்டினார். அடையாற்றில் அம்மருத்துவமனை 1954-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இடைப்பட்டன 31 ஆண்டுகள். மகனார் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021-ஆம் ஆண்டு மறைந்த டாக்டர் சாந்தா அம்மையாரும் அதனைப் பேணி வளர்த்தனர். அம்மருத்துவமனைக்குத் தங்கையின் பெயர் இடப்படவில்லை என்பதை நோக்குக. பெயரின்றியும் நினைவு நிற்கும். தன் தங்கை ஒருத்தியின்மேல் நின்ற அன்பு, அந்நோயுற்ற யாவர்மேலும் பரந்தது. துயரம் இயல்பிற் குறுகியது. 'எனது' என்னும் பற்றையே மேலும் இறுகப் பிணிப்பது. ஈகையாக மாறியவிடத்து அதே துயரம் அப்பற்றை நெகிழ்விக்கின்றது. ஈந்தார் பெறும் பயன் இதுவாம். இறந்தார் பெறுவது இறைவன் அறிவது.

ஈண்டு ஒரு தடை எழும். எம் பக்கத்துத் திருவேற்காட்டில் தோன்றிய மூர்க்க நாயனார் சூதாடிப் பெற்ற பொருளால் அடியார்க்கு அமுதளித்தாரன்றோ. அறத்தின் பொருட்டாயின் பொருள் வந்த வழியை ஆராய்தல் வேண்டுமோ என்பர். நாயனார் முதற்கண் தம் உடைமை முழுவதையும் விற்று அடியார்க்கு அமுதிட்டார். அது தீர்ந்த பின்னரே சூதிற் புகுந்தார். வென்ற பொருளைத் தம் கையால் தீண்டாது அமுதுபடிக்கு ஆக்கினார். எல்லாரும் உண்டபின் கடைப்பந்தியில் உண்டார். தமக்கென ஒன்றும் எஞ்சாத அவர் நிலை நமக்கு வாய்த்திலது. ஆகவே அது வணங்கத்தக்கது, மேற்கொள்ளத்தக்கதன்று. கடன்வாங்கிப் பதினாறாம் நாள் விருந்திடுவார் பலரை யாம் அறிவோம். தந்தை இறந்த துயரம் ஓராண்டிற் குறைந்தும், அவ்விருந்தின் வட்டி ஐந்தாண்டு குறையாத வீடுகள் உள. ஊரார் பழிப்பர் என்னும் அச்சத்தாற் செய்யும் அச்செலவு ஈகையாகாது. பிறர் பொருளை ஈதற்கு நமக்கு உரிமை யாது? வறியார் ஒருவர் தம் உழைப்பின் ஊதியத்தில் ஒருநாட் கூலியை எடுத்து, கத்திரி வெயிலில் நெடுஞ்சாலைப் பேருந்து நிறுத்தத்தில் மோர் வார்ப்பாராயின், அதனை அப்பூதியடிகளின் பந்தர்க்கு இனமாகவே யாம் கொள்வோம்.

குத்தம்பாக்கத்தைப் பற்றி ஒன்று கூறல் வேண்டும். 1996-ஆம் ஆண்டு அவ்வூர் ஊராட்சித் தலைவரான இளங்கோ அவர்கள் காலத்தில் ஆங்குச் சமத்துவபுரம் அமைந்தது. ஆதிதிராவிடர் குடும்பமும் பிறர் குடும்பமும் இடைச்சுவர் ஒன்றே பொதுவாக அடுத்தடுத்து வாழுமாறு இரட்டை வீடுகள் ஆங்கு எடுக்கப்பட்டன. சுவரைப் பொதுவாக்கிய ஊரில் நினைவுநாட் பந்தியைப் பொதுவாக்குதல் அரிதன்று. நீத்தார் பொருட்டு இடும் சோற்றில் இன்னார்க்கு முற்பந்தி, இன்னார்க்குப் பிற்பந்தி என வகுப்பாராயின், உடம்பை நீத்தபோதே உடம்பின்பாற்பட்ட சாதியையும் நீத்த ஓருயிரின் பெயரால் அச்சாதியையே மீட்டும் நாட்டியவராவர். கோயில்களில் 2002-ஆம் ஆண்டு தொடங்கிய அன்னதானத் திட்டத்தில் ஒருநாட் செலவை நீத்தார் நினைவாக ஏற்கலாம். ஆங்குப் பந்தி எல்லார்க்கும் ஒன்றே. வீட்டில் நூறுபேர்க்குச் சமைக்க வலியில்லாத முதியோர்க்கு அஃது ஏற்ற வழி.

கட்டளை வைக்க விரும்புவார் எண்ணவேண்டியது இன்னும் ஒன்று உண்டு. பச்சையப்ப முதலியார் 1794-ஆம் ஆண்டு இறந்தபொழுது அறங்களுக்கெனப் பெரும்பொருளை எழுதிவைத்தார். அப்பொருள் வழக்கிலும் பராமரிப்பின்மையிலும் நெடுங்காலம் சிக்கிக் கிடந்தது. பின்னர் நீதிமன்றத்தின் வழியாகக் கோயிற் கட்டளைகள் ஒழுங்குசெய்யப்பட, எஞ்சிய பொருள் கல்விக்கு ஆயிற்று. அவர் பெயராற் பள்ளி திறந்தது 1842-ஆம் ஆண்டில். அவர் இறந்து 48 ஆண்டுகள் கழிந்தபின். வள்ளல் ஒருவர்க்கே இவ்வாறாயின் நம்மனோர் வைக்கும் சிறுமுதல் என்னாம்? ஆகவே முதலை எவர் காப்பார், அவர்க்குப்பின் எவர், வட்டி குறைந்து குறித்த செயல் இயலாதாயின் அதனை ஒத்த வேறெதற்கு ஆக்கலாம் என்னும் மூன்றனையும் ஓலையில் தெளிய எழுதி, உரியவிடத்துப் பதிவுசெய்தல் வேண்டும். நூறு ரூபாய் வட்டியில் நாடோறும் நெய்விளக்கு என்று பாட்டனார் எழுதிவைத்த கட்டளைகள் பல, இன்று ஒருநாள் விளக்குக்கும் போதாமல் நிற்கின்றன. தொண்ணூற்றாறு ஆடு குட்டியீன்று தன் எண்ணைக் காத்துக்கொண்டது. வங்கியிலிட்ட பணம் எண்ணைக் காத்து விலையை இழக்கின்றது. மூவாண்டுக்கு ஒருமுறையேனும் வழித்தோன்றல்கள் அம்முதலிற் சிறிது கூட்டிவருதல் இதற்கு ஒரு பரிகாரம்.