ஒத்துப்போகாத காந்தங்கள்

இரும்பு காந்தத்தில் ஒட்டும் என்பது நம் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நன்றாகப் பழுக்கக் காய்ச்சிய இரும்பு ஒட்டாது. நான் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த காலத்தில், உலையிலிருந்து எடுத்த இரும்பில் காந்தத்தை வைத்துப் பார்ப்போம். 770 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தால் பிடிக்காது, ஆறினால் பிடிக்கும். தண்ணீர் பனிக்கட்டியாவதைப் போல இதுவும் ஒரு நிலைமாற்றமே.

காரணம் என்ன? இரும்பின் ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். அதை 'ஸ்பின்' என்பார்கள். பக்கத்துப் பக்கத்து ஸ்பின்கள் ஒரே திசையில் நிற்க விரும்பும். வெப்பம் அவற்றைக் கலைக்கும். 770 டிகிரிக்கு மேலே வெப்பம் வெல்கிறது, கீழே ஒற்றுமை வெல்கிறது.

எல்லா அணுக்களும் ஒற்றுமையை விரும்பாவிட்டால்? செம்பில் சிறிதளவு மாங்கனீசு கலந்தால் அதுதான் நடக்கிறது. மாங்கனீசு அணுக்கள் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும். இடையிலுள்ள தூரத்தைப் பொறுத்துச் சில ஜோடிகள் ஒரே திசையையும், சில ஜோடிகள் எதிர்த் திசையையும் நாடும்.

குடும்ப உதாரணம் ஒன்று பார்ப்போம். ரயிலில் இரண்டே பெட்டிகள். அண்ணனும் தம்பியும் ஒரே பெட்டியில் ஏற வேண்டும். தம்பியும் மைத்துனரும் ஒரே பெட்டியில் ஏற வேண்டும். அண்ணனுக்கும் மைத்துனருக்கும் ஆகாது. வேறு வேறு பெட்டி வேண்டும். மொத்தம் 8 விதமாக ஏற்றலாம். எதிலும் மூவர் விருப்பமும் நிறைவேறாது. 6 விதங்களில் ஒரு குறை. மற்ற 2 விதங்களில் மூன்றும் குறை. சண்டையே இல்லாத குடும்பத்துக்குச் சிறந்த வழி இரண்டுதான், இவர்களுக்கோ ஆறு! ஆட்கள் 100 ஆனால் ஏற்றும் விதங்களின் எண்ணிக்கை 31 இலக்கம்.

இத்தகைய உலோகத்துக்கு 'ஸ்பின் கிளாஸ்' என்று பெயர். குளிர்ந்தால் ஒவ்வொரு ஸ்பின்னும் தனக்கென ஒரு திசையில் உறைந்து நின்றுவிடும். மொத்தக் காந்தம் பூஜ்யம். சூடாக இருந்தபோதும் பூஜ்யம்தான். அப்படியானால் மாற்றத்தை எப்படிக் கண்டறிவது? 1975-இல் எட்வர்ட்ஸ், ஆண்டர்சன் இருவரும் வழி சொன்னார்கள். தாதர் பிளாட்பாரக் கூட்டத்தைச் சற்று இடைவெளிவிட்டு இரண்டு படம் எடுங்கள். எல்லோரும் வேறு வேறு பக்கம் பார்க்கலாம். ஆனால் இரண்டு படத்திலும் ஒவ்வொருவரும் முன் பார்த்த பக்கமே பார்த்தால், கூட்டம் உறைந்துவிட்டது என்று பொருள்.

இந்தக் கணக்கின் முடிச்சை 1979-இல் அவிழ்க்கத் தொடங்கிய இத்தாலியர் ஜியார்ஜியோ பாரிசி 2021-இல் நோபல் பரிசு பெற்றார். இதே வகைக் கணக்கைக் கொண்டு 1982-இல் நினைவாற்றலுக்கு மாதிரி அமைத்த ஹாப்ஃபீல்டுக்கு 2024-இல் நோபல் கிடைத்தது. அதற்கு முன்பே, 2022-இல், அவருடன் போல்ட்ஸ்மான் பதக்கத்தைப் பகிர்ந்துகொண்டவர் நம் கொலாபா டாடா ஆராய்ச்சி நிலையத்தில் நெடுங்காலம் பணியாற்றிய தீபக் தார்.

1976-இல் ஜனதா காலனியிலிருந்து சீத்தா கேம்புக்குப் பெயர்ந்து வந்த நமக்குப் பாபா அணு ஆராய்ச்சி மையம் பக்கத்து வீடு மாதிரி. 1985-இல் இயங்கத் தொடங்கிய துருவா உலையின் நியூட்ரான் கற்றைகளால், காந்தப் பொருள்களுக்குள் ஸ்பின்கள் எத்திசையில் நிற்கின்றன என்று அங்கே ஆராய்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்த மதில் மட்டும் தெரிந்தால் போதாது. உள்ளே கேட்கப்படும் கேள்வியும் தெரிய வேண்டும்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு கணக்கு: நால்வர் வட்டமாக நிற்கிறார்கள். அடுத்தடுத்து நிற்பவர்களில் ஒரு ஜோடிக்கு மட்டும் சண்டை. இரண்டு பெட்டியில் எல்லோரையும் திருப்தியாக ஏற்ற முடியுமா? சண்டை இரண்டு ஜோடிக்கு என்றால்? தாளில் போட்டுப் பாருங்கள். சண்டைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையா, இரட்டைப்படையா என்பதில்தான் விடை இருக்கிறது.