குறுக்குக் கம்பியில் குழந்தை

அன்புள்ள தங்கைக்கு,

கிராமத்துப் பெண்களிடம் ஒளிந்திருக்கும் திறமையை வெளிக்கொண்டுவர ஊக்கப் பயிற்சி நடத்தப்போவதாக எழுதியிருந்தாய். மண்டபம் பிடிப்பதற்கு முன் புதுக்கோட்டைக் கதையைக் கொஞ்சம் கேள்.

1991இல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவு கொடுப்பதுதான் வேலை. தொண்டர்களில் ஏராளமான பெண்கள். போக வேண்டிய ஊர்களோ பஸ் ரோட்டிலிருந்து உள்ளடங்கிக் கிடந்தன. அண்ணனோ கணவனோ சைக்கிளில் ஏற்றிப்போனால்தான் உண்டு. ஆர்வம் இருந்தது, போய்ச் சேர வழிதான் இல்லை. அ, ஆவோடு சைக்கிள் பயிற்சியும் சேர்ந்தது இப்படித்தான். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஆட்சியர் ஏற்பாடு செய்தார். மேடைப் பேச்சைவிட அந்தக் கடன் பெரிய காரியம்.

இயக்கத்தைச் சேர்ந்த முத்து பாஸ்கரன் சைக்கிளுக்கென்றே ஒரு பாட்டு எழுதினார். கேலிக்கும் குறைவில்லை; சிலர் அசிங்கமாகவே பேசினார்கள். பெண்கள் ஓட்டிக்கொண்டே போனார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததும் ஆண்கள் சைக்கிளை வாங்கினார்கள். வாங்கிய பிறகு அதுவே மேல் என்றார்கள்: சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே போகும் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாமே! எந்தப் பயிற்சியாளரும் இதைச் சொல்லித் தரவில்லை. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதையெல்லாம் நேரில் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் மிச்சமாக, கூடுதலாக நாலு ஊர் போய் விளைபொருள் விற்க முடிந்தது.

அதே காலத்தில் அங்கே கல்குவாரிகளின் குத்தகை பெண்கள் குழுக்களுக்குக் கிடைத்தது. கான்ட்ராக்டர்களிடம் கடன்பட்டு, கொத்தடிமைகளாகக் கல் உடைத்தவர்கள் அவர்களில் பலர். கல் வேலை அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். புதிதாகக் கைக்கு வந்தது குத்தகையும் கணக்கு நோட்டும்தான்.

ஆனால் குவாரிப் பெண்களுக்குப் பழைய கான்ட்ராக்டர்களின் நெருக்கடி ஓயவில்லை. குத்தகை அரசாங்கத்தின் கையில் இருப்பது. அதிகாரி மாறினால் ஆட்டம் காணும். சைக்கிள் ஓட்டப் பழகியவளிடமிருந்து அந்தத் திறமையை யார் பறிப்பது? திட்டம் போடும்போது இந்த வித்தியாசம் உன் மனதில் இருக்கட்டும்.

முதல் வாரம் வகுப்பே வேண்டாம். வீடு வீடாகப் போய் விசாரி: கூட்டத்துக்கு எந்த பஸ்ஸில் வருவார்கள், வீட்டில் யாரிடம் கேட்க வேண்டும், அன்றைய கூலிக்கு என்ன செய்வார்கள், கைக்குழந்தையை யாரிடம் விடுவார்கள்? பதில்களை நோட்டில் எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்